ஏழாம் நம்பர் மட்டையும் விளம்பரக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வணிக இணைப்பிதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்திருந்தன. ஒன்று, இந்த ஆண்டு வாங்க வேண்டிய கோல்ஃப் மட்டைகளின் பட்டியல். மற்றது, சிறு தொழில் நடத்துபவர்கள் மார்க்கெட்டிங்குக்கு எவ்வளவு ஒதுக்கலாம், எங்கே செலவிடலாம் என்பது. முதல் கட்டுரையில் ஒவ்வொரு மட்டைக்குக் கீழேயும் ‘அதிக தூரம்’ என்று போட்டிருந்தீர்கள். இரண்டாவதில் ஒவ்வொரு வழிக்கும் ‘அதிக ரீச்’, அதாவது அதிகம் பேரைப் போய்ச் சேரும் என்று. எதைவிட அதிகம் என்று இரண்டிலுமே இல்லை.

நான் கோல்ஃப் மட்டைகளைப் பழுது பார்த்து, ஆடுபவரின் உடம்புக்கும் வீச்சுக்கும் ஏற்றபடி சரிசெய்து கொடுப்பவன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானவர்கள் சொந்தத் தொழில் செய்பவர்கள். பழைய கிரிப்பை, அதாவது கைப்பிடி உறையை, உரித்து, டேப் சுற்றி, புதியதைச் செருகி முடிப்பதற்குள் தொழில் பேச்சு வந்துவிடும். மட்டைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றியும் விளம்பரத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றியும் ஒரே குரலில்தான் சொல்வார்கள்: “நல்லதுன்னு சொன்னாங்க, வாங்கிட்டேன்.” அதனால் இரண்டு கட்டுரைகளையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் உங்கள் பட்டியலில் இருந்த அயர்ன்களை, அதாவது எண் போட்ட உலோகத் தலை மட்டைகளை, எடுத்துக்கொள்வோம். எண் கூடக் கூட, பந்தில் படும் முகத்தின் சாய்வு கூடும், தூரம் குறையும். ஏழாம் நம்பர் அயர்ன் பழையதைவிட பல யார்டு கூடுதலாகப் போகும் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், போகும். ஏன் போகிறது என்பதைத்தான் விட்டுவிட்டீர்கள். 1970, 80-களில் ஏழாம் நம்பரின் முகம் சுமார் 35 டிகிரி சாய்வாக இருக்கும். இன்று ‘ஆட்டத்தை எளிதாக்கும்’ வகை என்று விற்கப்படும் பல செட்டுகளில் அதே எண் 28 முதல் 30 டிகிரிக்குள் இருக்கிறது. பழைய கணக்கில் அது ஐந்தாம் நம்பர், அல்லது ஆறாம் நம்பர். ஷாஃப்டும், அதாவது மட்டையின் தண்டும், அரை அங்குலம் வரை நீண்டிருக்கிறது. அடிப்பகுதியில் எடையை இறக்கி, சாய்வு குறைந்தாலும் பந்து உயரே எழும்படி செய்திருக்கிறார்கள். அந்த வடிவமைப்பு நிஜமான திறமை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தூரத்தில் பெரும்பங்கு வந்தது மட்டையின் அடிப்பக்கத்தில் பொறித்த எண்ணை மாற்றியதால்.

இதன் விளைவு பையின் மறுமுனையில் தெரியும். குறைந்த தூரத்துக்கு எடுக்கும், சாய்வு அதிகமான மட்டைகள் வெட்ஜ்கள். அவற்றில் பிட்சிங் வெட்ஜ் முன்பு 48 டிகிரிக்கு மேல் இருந்தது. இப்போது பல செட்டுகளில் 43, 44. அதற்கும், மணல் குழியிலிருந்து அடிக்கும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுகிறது. அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்கச் சொல்வார்கள். விதிப்படி பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ 1938-லும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்டு ஏ 1939-லும் கொண்டுவந்த வரம்பு அது. ஆக புதிய வெட்ஜ் உள்ளே வர வேறு ஏதாவது வெளியே போக வேண்டும். எது போகும்? அடிக்க முடியாமல் கிடக்கும் நீள அயர்ன்கள். என்னிடம் வரும் பைகளில் நான்காம், ஐந்தாம் நம்பர் அயர்ன்களின் கிரிப் கடையில் வாங்கியபடியே பளபளவென்று இருக்கும். செட்டாக வாங்கியதால் அவற்றுக்கும் காசு கொடுத்திருப்பார்கள்.

அடுத்தது டிரைவர், மிகத் தூரம் அடிப்பதற்கான மட்டை. மட்டைத் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2004-லிருந்து விதி. முகம் எவ்வளவு ஸ்பிரிங் போல உந்தலாம் என்பதற்கும் அதே காலத்தில் வரம்பு வந்துவிட்டது. முறுக்கத்தை எதிர்க்கும் திறனுக்கு, அதாவது ஓரத்தில் பட்டாலும் தலை திரும்பாமல் நிற்கும் தன்மைக்கு, அப்புறம் ஒரு வரம்பு போட்டார்கள். நேர்நடுவில் பட்டால் பந்தின் வேகம் மட்டை வேகத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைத் தாண்டுவது கடினம். மட்டை மணிக்கு 90 மைல் வேகத்தில் வந்தால் பந்து 135 மைல் வேகத்தில் கிளம்பும். இந்தக் கூரை இத்தனை வருடமாக அப்படியே இருக்கும்போது, ஒவ்வொரு ஆண்டும் ‘பத்து யார்டு கூடுதல்’ எப்படி வரும்? அப்படி வந்திருந்தால் இந்நேரம் நாம் எல்லோரும் ஒரே அடியில் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், போட்டுக்கொண்டிருப்போம்.

வந்திருக்கும் முன்னேற்றம் எங்கே என்றால், தவறாகப் படும் அடிகளில். முகத்தின் நுனியிலோ அடியிலோ பட்ட பந்து முன்பைவிடக் குறைவாக நஷ்டப்படுகிறது. சாமானிய ஆட்டக்காரருக்கு அதுதான் பெரிய லாபம், நடுவில் படுவது அவருக்கு எப்போதாவதுதானே. ஆனால் ‘உங்கள் மோசமான அடி கொஞ்சம் குறைவாக மோசமாக இருக்கும்’ என்று யார் விளம்பரம் எழுதுவார்கள்!

இன்னொன்றும் கவனிக்கலாம். கடையில் விற்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலமோ அதற்கு மேலோ நீளம். தொழில்முறை வீரர்களில் பலர் 45-க்கு உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். நாள் முழுக்க ஆடிப் பழகியவர் குட்டையாக வைத்துக்கொள்ள, வாரக்கடைசியில் ஆடுபவருக்கு நீளமானதை விற்கிறோம். காரணம், பரிசோதனை வலைக்குள் பத்துப் பந்து அடித்துப் பார்க்கும்போது வாங்குபவர் மனதில் நிற்பது அதில் ஒரே ஒரு பந்து. மிக நீளமாகப் போன அந்த ஒன்று. நீளமான ஷாஃப்ட் அந்த ஒரு பந்தைக் கொடுத்துவிடும். மற்ற ஒன்பது எங்கே போயின என்று திரை காட்டினாலும் கண் பார்ப்பதில்லை.

இதை எழுதும்போது உங்கள் மார்க்கெட்டிங் கட்டுரையில் இருந்த வெற்றிக்கதைகள் நினைவுக்கு வருகின்றன. ஒரு காணொளி பிரமாதமாக ஓடியது, ஒரு பதிவு ஊரெல்லாம் பரவியது. சரி. அதே நிறுவனத்தின் மற்ற பதிவுகள்?

ஷாஃப்டின் விறைப்பைக் குறிக்க ‘ரெகுலர்’, ‘ஸ்டிஃப்’ என்று எழுத்துக் குறி போடுவார்கள். இதற்குத் தொழில்துறை முழுவதுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஸ்டிஃப் இன்னொரு நிறுவனத்தின் ரெகுலராக இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். என் கருவியில் மாட்டி அசைத்துப் பார்த்தால்தான் எனக்கே தெரியும். விளம்பரத் துறையில் ‘வியூ’ என்பதும் அப்படித்தான். எத்தனை விநாடி பார்த்தால் ஒரு வியூ என்று தளத்துக்குத் தளம் வேறு. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒன்றை ஒப்புக்கொண்டது: காணொளியைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குக் கொடுத்துவந்த எண் சுமார் இரண்டு ஆண்டுகளாக மிகைப்பட்டிருந்தது. மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் சராசரி எடுத்திருந்தார்கள். உடனே விலகிப் போனவர்களை விட்டுவிட்டால் மிச்சமிருப்பவர்கள் நீண்ட நேரம் பார்த்தவர்களாகத்தானே இருப்பார்கள்.

எண்களை நம்பாதீர்கள் என்பதல்ல நான் சொல்வது. எந்த எண் என்பதுதான் கேள்வி. கோல்ஃபில் இதற்கு அருமையான உதாரணம் உண்டு. புட்டர் என்பது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை. ஒரு சுற்றில் எத்தனை முறை புட்டரால் அடித்தோம் என்று எண்ணுவது பழைய வழக்கம். 28 என்றால் நல்ல புட்டிங், 36 என்றால் மோசம். இது தவறான கணக்கு. கிரீனைத் தவறவிட்டு, சிப், அதாவது சின்னதாகத் தூக்கி, அடித்துக் குழியருகே கொண்டுவந்து, ஒரே புட்டில் முடிப்பவருக்கு எண் குறையும். நல்ல அயர்ன் அடியால் கிரீனில் போட்டு, நாற்பது அடி தூரத்திலிருந்து இரண்டு புட்டில் முடிப்பவருக்கு எண் கூடும். இருவரில் யார் நன்றாகப் புட் செய்தார் என்று அந்த எண் சொல்லவே சொல்லாது.

கொலம்பியா வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி இதைச் சரிசெய்தார். ஒவ்வொரு அடியும் எங்கிருந்து கிளம்பியது, எங்கே நின்றது, அதே இடத்திலிருந்து மற்றவர்களுக்குச் சராசரியாக எத்தனை அடி ஆகும் என்று ஒப்பிட்டு, அந்த ஓர் அடியின் பங்கைப் பிரித்தெடுத்தார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் 2011-ல் புட்டிங்குக்கு இந்த முறையை ஏற்றுக்கொண்டது, பிறகு மற்ற அடிகளுக்கும் விரித்தது. அவர் கண்டது பலருக்குக் கசந்தது. சிறந்த வீரருக்கும் சராசரி வீரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு வெளியே அடிக்கும் அடிகளில்தான் வருகிறது. புட்டர்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்று நம்பியதற்குக் காரணம், பந்து குழியில் விழும் நேரத்தில் கையில் இருப்பது அதுதான் என்பது.

இப்போது உங்கள் இரண்டாவது கட்டுரைக்கு வாருங்கள். ‘எந்த விளம்பரத்தைக் கிளிக் செய்து வாடிக்கையாளர் வாங்கினாரோ, அந்த விளம்பரத்துக்கே பட்ஜெட்டைக் கூட்டுங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். கடைசிக் கிளிக்குக்கு முழுப் பெருமையையும் கொடுப்பது என்பது புட்டருக்கு முழுப் பெருமையையும் கொடுப்பதேதான். அந்த வாடிக்கையாளர் உங்கள் பெயரை நண்பரிடம் கேட்டிருப்பார், பொருளை எங்கோ பார்த்திருப்பார், மாதக்கணக்கில் யோசித்திருப்பார். கடைசியில் உங்கள் பெயரையே தேடுபெட்டியில் தட்டி, முதலில் வந்ததைக் கிளிக் செய்திருப்பார். முதலில் வந்தது நீங்கள் காசு கொடுத்த விளம்பரம். விளம்பரம் இல்லாவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் உங்கள் இணையதளத்தையே கிளிக் செய்திருப்பார்.

இது வெறும் ஊகம் இல்லை. இணைய விற்பனைத் தளமான இபே நிறுவனத்தில் இருந்த பொருளியல் ஆய்வாளர்கள் இதைச் செய்தே பார்த்தார்கள். நிறுவனத்தின் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை நிறுத்தினார்கள். அந்த வழியே வந்துகொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இலவசத் தேடல் முடிவின் வழியே வந்து சேர்ந்தார்கள். பிறகு பெயர் இல்லாத பொதுச் சொற்களுக்கான விளம்பரத்தைச் சில பகுதிகளில் மட்டும் நிறுத்தி, மற்ற பகுதிகளில் தொடர்ந்து, விற்பனையை ஒப்பிட்டார்கள். அடிக்கடி வாங்குபவர்களிடம் வித்தியாசமே இல்லை. புதியவர்களிடமும், எப்போதாவது வருபவர்களிடமும் மட்டும் விளம்பரம் வேலை செய்தது. அந்த ஆய்வு 2015-ல் எகனாமெட்ரிகா என்ற பொருளியல் ஆய்விதழில் வெளிவந்தது. இபே எல்லோரும் அறிந்த பெயர். யாருக்கும் தெரியாத புதுக் கடைக்கு முடிவு வேறாக இருக்கலாம். அதனால்தான் அவரவர் தொழிலில் அவரவர் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. மட்டையை அவரவர் அடித்துப் பார்க்க வேண்டியிருப்பது போல.

உங்கள் மட்டைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பிரபல வீரரின் படம் இருந்தது. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைக்கி நிறுவனத்திடம் டைகர் வுட்ஸ் இருந்தார். அவர் காலத்தில் அவரைவிடப் பெரிய விளம்பர முகம் கோல்ஃபில் கிடையாது. நைக்கி பந்தோடும் மட்டைகளோடும் அவர் மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளை வென்றார். ஆனாலும் 2016 ஆகஸ்டில் நைக்கி மட்டை, பந்து, பை தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டு, ஷூவையும் உடையையும் மட்டும் வைத்துக்கொண்டது. முகத்தைப் பார்த்துத் தொப்பி வாங்கியவர்கள் மட்டைக்கு வேறு கடைக்குப் போனார்கள் என்பதுதான் என் கணிப்பு.

எதிர்ப்பக்கம் பிங் என்ற மட்டை நிறுவனம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-ல் வீட்டு கராஜில் ஒரு புட்டர் செய்தார். எடையை இரு ஓரங்களுக்கும் தள்ளியதால் நடுவில் படாத பந்தும் ஓரளவு நேராகப் போனது. அடிக்கும்போது எழுந்த ஒலியே நிறுவனத்தின் பெயரானது. பின்னாளில் அந்த நிறுவனம் ஆடுபவரின் உயரத்தையும் மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் அளந்து, ஷாஃப்டுக்கும் தலைக்கும் உள்ள கோணம் அதற்கேற்றபடி இருக்கும் அயர்ன் கொடுத்து, மட்டைத் தலையில் வண்ணப் புள்ளி வைத்தது. கறுப்புப் புள்ளி என்றால் இயல்பான கோணம். மற்ற நிறங்கள் அதைவிடச் சாய்ந்தவை, நிமிர்ந்தவை. வாடிக்கையாளரை அளப்பதே அவர்களுக்கு மார்க்கெட்டிங்காகவும் ஆனது. தன் புள்ளியின் நிறம் தெரிந்த ஆட்டக்காரர் நண்பரிடம் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார், நான் பார்த்தவரை.

சரி, எப்படித்தான் வாங்குவது என்று உங்கள் வாசகர் கேட்பார். என்னிடம் வருபவரிடம் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் பழைய மட்டையின் முகத்தைப் பார்ப்பேன். தேய்ந்த இடம் ஒரு நாணய அளவில் நடுவில் இருந்தால் அவருக்குப் புது மட்டை பெரிதாக எதையும் தரப்போவதில்லை. குதிகால் பக்கமாக, அதாவது ஷாஃப்ட் சேரும் பக்கமாக, தேய்ந்திருந்தால் நீளத்தையோ கோணத்தையோ மாற்றினாலே பாதி சரியாகும். பிறகு பந்தில் மார்க்கரால் நேர்கோடு போட்டு, கோட்டை மட்டை முகத்துக்கு நேரே வைத்து அயர்னால் அடிக்கச் சொல்வேன். முகத்தில் பதியும் கோடு செங்குத்தாக இருந்தால் கோணம் சரி. சாய்ந்திருந்தால் வளைக்க வேண்டும். வார்த்துச் செய்த மட்டையைவிட, உலோகத்தை அடித்துச் செய்த மட்டை எளிதில் வளையும். இரண்டு டிகிரி போதும், பலருக்கு.

இவ்வளவும் செய்த பிறகும் புதியது வேண்டும் என்றால், பழையதையும் கூடவே கொண்டுவரச் சொல்வேன். இதுதான் முக்கியம். ஒரே நாள், ஒரே வகைப் பந்து, பழையது ஐந்து, புதியது ஐந்து, மீண்டும் பழையது. மிக நீளமான அடியை விட்டுவிட்டு சராசரியையும் பக்கவாட்டுச் சிதறலையும் பார்க்க வேண்டும். பல கடைகளில் பழைய மட்டையைக் காரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லாமல் சொல்வார்கள். வாங்குபவரும் வெட்கப்பட்டு உள்ளே எடுத்துவருவதில்லை. ஒப்பிட எதுவுமே இல்லாத இடத்தில் புதியது எப்போதும் ஜெயிக்கும்.

விளம்பரத்துக்கும் இதே மாதிரி பழையதைப் பக்கத்தில் வைக்க முடியும். இரண்டு ஊர்களில் விற்பனை என்றால் ஒன்றில் நிறுத்தி மற்றதில் தொடரலாம். ஒரே இடம் என்றால் சில வாரம் விட்டு விட்டுக் கொடுக்கலாம். பண்டிகை, பருவம் போன்றவை குழப்பாத நேரமாகப் பார்க்க வேண்டும். ஏஜென்சியிடம் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். என்னிடம் வரும் ஒருவர் கேட்டபோது, ‘நிறுத்தினால் அல்காரிதம் கோபித்துக்கொள்ளும்’ என்றார்களாம். மறுபடி தொடங்கும்போது கற்றுக்கொள்ளச் சில நாள் எடுக்கும் என்பது நிஜம்தான். அதற்காக என்றைக்குமே நிறுத்திப் பார்க்கக் கூடாது என்றால், அந்தச் செலவு வேலை செய்கிறதா என்று எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், உங்கள் கட்டுரையில் வந்ததால் சொல்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு லோகோ அச்சிட்ட கோல்ஃப் பந்து பரிசளிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையாக ஆடுபவர் தனக்குப் பழகிய ஒரே வகைப் பந்தோடு ஆடுவார். வேறு வகை வந்தால் பைக்குள் அடியில் போட்டுவிட்டு, தண்ணீருக்கு மேல் அடிக்க வேண்டிய இடம் வரும்போது எடுப்பார். உங்கள் லோகோவின் ஆயுள் குளக்கரை வரை. அவர் எந்தப் பந்தில் ஆடுகிறார் என்று கேட்டு அதிலேயே அச்சிடுங்கள், கேட்டதையே அவர் நினைவில் வைத்திருப்பார். போட்டிக்கு ஸ்பான்சர் செய்பவர்கள் பார்-3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய, குழியருகே கார் நிறுத்தி, ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டால் அது பரிசு என்பதுகூட இதைவிடத் தெளிவான செலவு. சாமானிய ஆட்டக்காரருக்கு அந்த வாய்ப்பு சுமார் 12,500-ல் ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். காப்பீட்டுக்காரர் அதை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார். அன்று வந்த எல்லோரும் அந்தக் காரருகே நிற்கிறார்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவே. அடுத்த மட்டைப் பட்டியலில் தூரத்துக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் சேருங்கள்: சாய்வு எத்தனை டிகிரி, நீளம் எவ்வளவு, எந்த மட்டையோடு ஒப்பிட்டது. மார்க்கெட்டிங் வெற்றிக்கதைகளில், அந்த விளம்பரம் போகாத இடத்தில் அதே காலத்தில் விற்பனை எப்படி இருந்தது என்று நிறுவனத்திடம் கேட்டு ஒரு வரி போடுங்கள். அவர்களுக்குத் தெரியாது என்றால், தெரியாது என்றே போடுங்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் வீரரின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மட்டை பழுது பார்க்கும் வாசகன்